இரவல் உறுப்பும் பழைய கணினியும்

வானொலிப் பெட்டி ஊர்களுக்குள் வந்து சேர்ந்தபோது அதன் பின்னாலேயே ஒரு புதிய மனிதனும் வந்து சேர்ந்தான். பெட்டியின் முதுகுப் பலகையைக் கழற்றி உள்ளே பார்க்கத் துணிந்தவன் அவன். வால்வு அணைந்ததோ, கொண்டென்சர் கசிந்ததோ, ஒலிபெருக்கியின் கடதாசிக் கூம்பு கிழிந்ததோ என்று ஒவ்வொன்றாக ஆராய்வான். மூலையிற் கிடக்கும் வேறொரு பெட்டியிலிருந்து வேண்டிய உறுப்பைக் கழற்றியெடுத்துப் பொருத்தி, ஊமையாய்க் கிடந்ததைப் பாடவைப்பான். இத்தகையோருட் பெரும்பாலோர் கல்லூரியில் மின்னியல் கற்றவர் அல்லர். பெட்டி தன் உள்ளுறுப்புகளை ஒளியாது காட்டிற்று, பார்த்தவர்கள் கற்றுக்கொண்டனர்.

இச்செய்தியைக் கருத்தூன்றி நோக்கிய அறிஞருள் ஒருவர் இவான் இலிச் என்பவர். வியன்னாவிற் பிறந்து மெக்சிக்கோவில் நெடுங்காலம் வாழ்ந்த அவர், கருவிகள் மனிதனுக்கு அடங்கி நிற்க வேண்டும் என்னும் கருத்தை வலியுறுத்தி 1973 ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். மத்திய அமெரிக்கக் காட்டுப்புறங்களில் வானொலி புகுந்த ஈராண்டுக்குள் அதனைத் திருத்தத் தெரிந்தவர்கள் அவ்விடங்களிலேயே தோன்றிவிட்டனர் என்பது அவர் வாயிலாக அறியப்பட்ட ஒரு செய்தி. அமெரிக்காவின் மேற்குக் கரையில் பேர்க்கிலி நகரில் வாழ்ந்த லீ பெல்சென்ஸ்ரைன் என்னும் இளம் பொறியியலாளரின் உள்ளத்தில் அது ஆழப் பதிந்தது. வானொலிக்கு இயன்றது கணினிக்கு ஏன் இயலாது என்பது அவர் கேட்ட கேள்வி. அன்றைய கணினியோ, குளிரூட்டிய அறையில் கண்ணாடிச் சுவருக்கு அப்பால், வெள்ளைச் சட்டை அணிந்த சிலரால் மட்டும் தொடப்படும் பொருளாக இருந்தது.

அதே 1973 இல் பெல்சென்ஸ்ரைனும் அவர்தம் தோழர்களும், கைமாறி வந்த ஒரு பெருங்கணினியோடு இணைந்த தட்டச்சுப் பொறியைப் பேர்க்கிலியில் ஓர் இசைத்தட்டுக் கடையின் வாயிலில் நிறுத்தி, வருவோர் போவோர் எல்லாம் தம் செய்திகளைப் பதியவும் பிறர் செய்திகளைத் தேடவும் வழி செய்தனர். பொதுமக்கள் கையால் தொட்ட முதற் கணினிகளுள் அதுவும் ஒன்று. பின்னர், 1975 இல் தொடங்கிய ஹோம்புறூ கணினிக் கழகத்தின் கூட்டங்களை நடத்தும் பொறுப்பும் அவருக்கு வாய்த்தது. பயன்படுத்துவோரே பிரித்துப் பார்த்துத் திருத்தக்கூடிய பொறி வேண்டும் என்ற எண்ணம் இத்தனை ஆண்டுகளிலும் அவரை விட்டு அகலவில்லை.

எண்ணம் இருந்தது, முதல் இல்லை. முதலோடு வந்தவர் அடம் ஒஸ்போர்ன்.

இவ்விடத்தில் தமிழ் நேயர்கள் சற்று வியப்புறக்கூடிய ஒரு செய்தியைக் கூறாது செல்லலாகாது. கையிற் சுமந்து செல்லும் கணினியை உலகச் சந்தைக்கு முதன்முதல் வெற்றியோடு கொண்டுவந்த இந்த ஒஸ்போர்ன், திருவண்ணாமலையின் அடிவாரத்தில் வளர்ந்தவர்; தமிழைத் தடையின்றிப் பேசியவர். 1939 இல் பாங்கொக் நகரிற் பிறந்த அவருக்குத் தந்தை ஆங்கிலேயர், தாய் போலந்து நாட்டினர். தந்தையார் ஆதர் ஒஸ்போர்ன், இரமண மகரிஷியின் அடியவராய் அவரைப் பற்றி நூல்கள் இயற்றியவர். இரண்டாம் உலகப் போரில் யப்பானியர் தந்தையைச் சீயத்தில் சிறைவைத்திருந்த காலத்தில், தாயும் குழந்தைகளும் திருவண்ணாமலையில் தங்கினர். அங்கு தெருப் பிள்ளைகளோடு ஓடியாடிக் கற்ற தமிழ் அவர் நாவில் நின்றது. 1950 இல், பதினொரு வயதில், அவர் இங்கிலாந்து சென்றார். பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் இரசாயனப் பொறியியல் கற்று, அமெரிக்காவிற் கலாநிதிப் பட்டம் பெற்றார். பின்னர் எண்ணெய்க் கொம்பனி ஒன்றில் வேலை பார்த்து, அதையும் விட்டு, நுண்கணினிகளைப் பற்றி எளிய நடையில் நூல் எழுதி வெளியிடுபவரானார். அந்நூல்கள் பெருக விற்றன. 1979 இல் பதிப்பகத்தைப் பெரிய கொம்பனி ஒன்றுக்கு விற்றுக் கைநிறையப் பொருளோடு நின்ற வேளையிலேதான் பெல்சென்ஸ்ரைனைக் கணினி வரைந்து தரும்படி அழைத்தார்.

ஒஸ்போர்னின் கொள்கை சுருக்கமானது. போதுமானது எதுவோ அது போதும். அதற்கு மேற்பட்டதெல்லாம் வீண். புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய உறுப்பு ஒன்றும் தம் பொறியில் இருத்தல் ஆகாது, எல்லாம் கடையில் வாங்கக்கூடியனவாயிருத்தல் வேண்டும் என்பது அவர் கட்டளை. பெல்சென்ஸ்ரைனின் கொள்கையும் ஒஸ்போர்னின் சிக்கனமும் வேறு வேறு திசையிலிருந்து வந்து ஒரே பெட்டிக்குள் அடங்கின. ஒருவர் மக்களை எண்ணினார்; மற்றவர் கணக்கை எண்ணினார். பயன் ஒன்றாகவே அமைந்தது.

1981 ஏப்பிரலில் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த கணினிக் கண்காட்சியில் ‘ஒஸ்போர்ன் 1’ அரங்கேறியது. கைப்பிடியோடு கூடிய தையற்பொறிப் பெட்டியை ஒத்த உருவம். ஏறக்குறைய 24 இறாத்தல், அதாவது 11 கிலோகிராம் நிறை. மூடியைக் கழற்றினால் அதுவே விசைப்பலகை. நடுவே ஐந்து அங்குலக் கதோட்டுக்கதிர்க் குழாய். அதன் இருமருங்கும் நெகிழ்வட்டுச் செலுத்திகள் இரண்டு. திரையில் ஒரு வரிக்கு 52 எழுத்துகளே தோன்றும். நீண்ட வரியைப் படிக்கச் சாளரத்தை நகர்த்துவதுபோல் இடமும் வலமும் நகர்த்தவேண்டும். தனக்குள் மின்கலம் கிடையாது. ஆதலால் மடிமீது வைத்து வேலை செய்யும் பேச்சுக்கே இடமில்லை. மடிமீது வைத்தால் கால் மரத்துப்போகும். ஆயினும் விமான ஆசனத்தின் கீழ் அடங்கும் என்பது விளம்பரம். விலை 1,795 டொலர். எழுத்துவேலைக்கு வேட்ஸ்ரார், கணக்குக்குச் சுப்பர்கல்க், நிரல் எழுதுவோர்க்கு இரண்டு பேசிக் மொழிகள் எனத் தனியே வாங்கினால் ஏறத்தாழ 1,500 டொலர் ஆகக்கூடிய மென்பொருள்கள் இலவசமாகவே உடன் வந்தன. உச்சக்கட்டத்தில் மாதமொன்றுக்குப் 10,000 பெட்டிகள் வரை கொம்பனியை விட்டு வெளியேறின.

ஏற்றம் எவ்வளவு விரைவோ, வீழ்ச்சியும் அவ்வளவு விரைவு. 1982 இல் வந்த கேப்புறோ என்னும் போட்டிப் பொறி ஒன்பது அங்குலத் திரையோடு வந்தது. கொழும்பில் வாழ்ந்த எழுத்தாளர் ஆதர் சி. கிளாக், தம் கதையைப் படமாக்கிய அமெரிக்க இயக்குநரோடு 1983 இல் தொலைபேசிக் கம்பி வழியே கடிதம் பரிமாறியது இந்தக் கேப்புறோ ஒன்றின் துணைகொண்டேயாம். அக்கடிதங்கள் பின்னர் நூலாயின. ஐ.பீ.எம். கணினிக்கு எழுதப்பட்ட மென்பொருள்களை ஏற்று நடத்தும் கொம்பாக் பொறியும் 1983 இல் கடைக்கு வந்தது. ஒஸ்போர்ன் தம் அடுத்த பொறியைப் பற்றி முற்கூட்டியே புகழ்ந்து பேசியதனால், ‘வரட்டும், வாங்குவோம்’ என்று வணிகர் கையைக் கட்டிக்கொண்டனர் என்பது பரவலாகக் கூறப்படும் காரணம். பிற்காலத்தில் வேறொரு விளக்கமும் வெளிவந்தது. பழைய மாதிரிக்கு உரிய சுற்றுப்பலகைகள் 1,50,000 டொலர் பெறுமதிக்கு மிஞ்சிக் கிடந்தனவாம். அவற்றை வீசிவிடாமல் முழுப் பொறிகளாக்கி விற்கலாம் என்று அதிகாரி ஒருவர் யோசனை கூற, திரைக்குழாயும் நினைவகச் சில்லும் வட்டுச் செலுத்தியும் பெட்டியும் புதிதாக வாங்கியதில் இருபது இலட்சம் டொலர் கரைந்ததாம். எஞ்சிய உறுப்புகளுக்கு உடல் தேடப்போய் உயிரையே இழந்த கதை இது. 1983 செப்ரெம்பரில் ஒஸ்போர்ன் கொம்பனி முறிவு அறிவித்தது.

கொம்பனி மறைந்தது, பொறிகள் மறையவில்லை. நிலவறைகளிலும், பரண்களிலும், பழைய பொருள் விற்கும் சந்தைகளிலும் அவை நாற்பது ஆண்டுகள் உறங்கின. அவற்றுட் சில இன்று பொழுதுபோக்காகப் பழங்கணினி திருத்துவோர் மேசைக்கு வந்துசேர்கின்றன. அங்கே நிகழ்வது என்ன?

பழைய பொறி கைக்கு வந்ததும் ஆசையால் மின்னிணைப்புக் கொடுப்பவன் அறியாதவன். அறிந்தவன் முதலில் மின்வழங்கியைத் திறக்கிறான். அக்காலத்து மின்வழங்கிகள் பலவற்றின் வாயிலில், வீட்டு மின்னின் இரைச்சலை வடிப்பதற்கென, பிசினில் தோய்த்த கடதாசியாலான கொள்ளளவிகள் வைக்கப்பட்டிருந்தன. ஆண்டுகள் செல்லச் செல்ல அவற்றின் மேலோடு மயிரிழைபோல் வெடித்து, ஈரம் உட்புகுந்துவிடுகிறது. மின் பாய்ந்த சில நிமிடங்களில் கடுநாற்றமுள்ள புகை எழும். அறையைவிட்டு நாற்றம் போகச் சில நாட்கள் ஆகும். சில சதங்களே பெறும் இவ்வுறுப்பை மாற்றிய பிறகே மற்றைய ஆராய்ச்சி. திரைக்குழாயின் அருகே பல ஆயிரம் வோல்ற் அழுத்தம் தங்கி நிற்கக்கூடுமாதலால் அங்கே கை வைப்பதிலும் அச்சம் வேண்டும்.

அடுத்து நினைவகம். 64 கிலோபைற் நினைவகத்துக்கு 4116 என்னும் இலக்கமுடைய சில்லுகள் 32 வேண்டும். இச்சில்லு ஒரு விசித்திரப் பிறவி. மூன்று வேறு மின்னழுத்தங்கள் அதற்கு ஒருங்கே வேண்டும்: 12 வோல்ற், 5 வோல்ற், எதிர் 5 வோல்ற். இவற்றுள் கடைசியானது மட்டும் அற்றுப்போனால், சில்லு வெம்பி மாண்டுபோகும். ஆகையால் பழைய பலகைகளில் இச்சில்லுகள் இறந்து கிடப்பது வழமை. ஆனால் இவற்றை ஒஸ்போர்ன் கொம்பனி செய்யவில்லை. அமெரிக்க, யப்பானியக் கொம்பனிகள் பல இதே இலக்கத்தில் செய்து உலகமெங்கும் விற்றன. அப்பிள் 2 இலும் இவை இருந்தன. இங்கிலாந்தில் 1982 இல் வந்த சின்கிளேயர் ஸ்பெக்ட்ரத்திலும் இருந்தன. ஆதலால் கலிபோர்னியாவிற் பிறந்த ஒரு பொறியின் மறதியை, இங்கிலாந்தில் விளையாட்டுக்கு வாங்கப்பட்டு உடைந்துபோன ஒரு பொறியின் சில்லு தீர்த்துவைக்கிறது. கணக்கிடும் மூளையாகிய இசெட்80 சில்லும் அத்தகையதே. அதைக் காசுப் பதிவேட்டிலும் காணலாம், தொழிற்சாலைக் கருவியிலும் காணலாம், இசைக்கருவியிலும் காணலாம்.

நெகிழ்வட்டுச் செலுத்தியின் நோய் வேறு வகை. சுழலும் உறுப்பை இழுக்கும் றப்பர்ப் பட்டை தளர்ந்திருக்கும். வாசிக்கும் முனை நகரும் தண்டில் பூசிய மசகு தேன்மெழுகுபோல் இறுகியிருக்கும். துடைத்துப் புதுமசகு இட்டு, பட்டை மாற்றி, முனையைச் சாராயத்தால் கழுவினால் பெரும்பாலும் எழுந்துவிடும். எழாவிடின், அதே வகைச் செலுத்தி வேறு கொம்பனிக் கணினிகளிலும் பொருத்தப்பட்டிருந்ததால் அங்கிருந்து பெறலாம். அதுவும் கிட்டாதவர்க்கு, நெகிழ்வட்டுச் செலுத்தியைப் போலவே நடிக்கும் சிறு மின்னணுப் பெட்டியொன்று இக்காலத்தில் மலிவாக விற்கப்படுகிறது. கணினி ஏமாந்துபோய், வட்டுத்தான் சுழல்கிறது என்று எண்ணி வேலை செய்கிறது. சுற்றுகளின் வரைபடங்கள் அடங்கிய தொழினுட்பக் கைந்நூலும் இருக்கிறது. கொம்பனி இறந்தபின்னும் அதன் பொறி ஏன் எழுந்து நடமாடுகிறது என்பதற்கு வேறு விடை தேட வேண்டியதில்லை.

எல்லாப் பழைய பொறிகளுக்கும் இந்நற்பேறு வாய்க்கவில்லை. எட்டாண்டு கழித்துப் பிறந்த மற்றொரு பொறியை இதனருகே வைத்து நோக்கினால் வேற்றுமை புலப்படும்.

மடியிலே வைத்து எழுதத்தக்க கணினி வேண்டும் என்ற கனவு, ஒஸ்போர்னுக்கும் முந்தியது. அலன் கே என்னும் அறிஞர், செறொக்ஸ் கொம்பனியின் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து 1972 இல் எழுதிய கட்டுரையில், குழந்தைகளும் கையில் எடுத்துச் செல்லக்கூடிய பயிற்சிப் புத்தகம் போன்ற கணினி ஒன்றை வருணித்தார். அன்று அதைச் செய்யும் ஆற்றல் எவர்க்கும் இல்லை. அவ்வழியில் அப்பிள் கொம்பனி முதன்முதல் எடுத்துவைத்த அடிதான் 1989 செப்ரெம்பரில் வெளிவந்த மக்கின்ரோஷ் போட்டபிள்.

அது ஒன்றையும் விட்டுக்கொடாத பொறி. ஒளி குன்றாத, கூர்மையான திரவப்பளிங்குத் திரை. மின்னை மிகக் குறைவாக உண்ணும் விலையுயர்ந்த நினைவகம். இடக்கையர் வலக்கையர் இருவர்க்கும் ஏற்ப இடம் மாற்றத்தக்க உருட்டுப்பந்து. பல மணிநேரம் உழைப்பதற்கு மோட்டார் வண்டியில் உள்ளதைப் போன்ற ஈயமும் அமிலமும் கொண்ட பற்றரி. இத்தனையும் சேர்ந்து நிறையை ஏறக்குறைய 16 இறாத்தலுக்கு உயர்த்தின. வன்தட்டுள்ள பொறியின் விலை ஏறக்குறைய 6,500 டொலர். 1991 ஆகஸ்டில் ‘அற்லான்ரிஸ்’ விண்ணோடத்தில் ஏறிச்சென்று, விண்ணிலிருந்து மண்ணுக்கு முதல் மின்னஞ்சலை அனுப்பிய பெருமை இதற்கு உண்டு. நிறையற்ற விண்வெளியில் மட்டுமே அதைத் தூக்குவது எளிதாயிற்று என்று நகைப்போரும் உளர். சந்தையில் அது தோற்றது. அதன் சுற்றமைப்பைச் சிறிதாக்கித் தரும்படி அப்பிள் கொம்பனி யப்பானின் சோனியை வேண்ட, 1991 ஒற்றோபரில் ஏறக்குறைய ஐந்து இறாத்தல் நிறையுடைய பவர்புக் 100 பிறந்தது. அதே மாதத்தில் போட்டபிள் ஓய்வு பெற்றது.

இப்பொறியைத் திருத்துவோர் முதலில் காண்பது ஒரு மகிழ்ச்சி. திருகாணிகளை நம்பாமல், ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் பிளாஸ்ரிக் நாக்குகளாலேயே அது கட்டப்பட்டிருக்கிறது. திருப்புளி தேடாமல் கையாலேயே படிப்படியாய்ப் பிரித்துவிடலாம். ஒஸ்போர்னைவிட இதுவே திறப்பதற்கு எளிது. ஆனால் திறத்தல் வேறு, தீர்த்தல் வேறு. உள்ளே பார்த்த பின்னரே மகிழ்ச்சி குறையத் தொடங்குகிறது.

சுற்றுப்பலகையின் மேற்பரப்பில் ஒட்டிய சிறு அலுமினியக் கொள்ளளவிகள் யாவும் கசிந்திருக்கும். 1980களின் இறுதியிலும் அடுத்த சில ஆண்டுகளிலும் செய்யப்பட்ட கணினிகள் பலவற்றைப் பற்றிய நோய் இது. உள்ளிருந்த மின்பகுபொருள் வடிந்து, செப்புக் கோடுகளை அரித்துப் பச்சை பூக்கச் செய்திருக்கும். மீன் வாடைபோல் ஒன்று வீசும். பற்றாசு உருகாது, சூடேற்றினால் செப்புக் கோடே பெயர்ந்துவரும். பலகையைக் கழுவி உலர்த்தி, பழைய கொள்ளளவிகளை ஒவ்வொன்றாக நீக்கிக் கசியாத இனத்துப் புதியவற்றை வைத்து, அறுந்த கோடுகளை மயிர்போன்ற கம்பியால் இணைக்கவேண்டும். இது பொறுமை உள்ளவர்க்கு இயலும். கொள்ளளவி எங்கும் கிடைப்பது.

பற்றரியும் இவ்வாறே. அதன் தன்மையில் ஒரு வினோதம் உண்டு. பற்றரி செத்துவிட்டால், சுவரிலிருந்து மின் கொடுத்தாலும் போட்டபிள் எழாது. கொம்பனி விற்ற பற்றரி இன்று ஒன்றும் உயிரோடு இல்லை. ஆனால் அதன் கூட்டைப் பிளந்து பார்த்தால் உள்ளே இருப்பன இரண்டு வோல்ற் கலங்கள் மூன்றே. அவ்வினத்துக் கலங்களைக் கடையில் வாங்கிப் பழைய கூட்டுக்குள் வைத்துப் பூட்டினால் பொறி விழித்துக்கொள்ளும். வெளித்தோற்றம் 1989, உள்ளிருப்பது நேற்று வாங்கியது.

இதற்கு மேல் செல்ல வழியில்லாத இடம் ஒன்று வருகிறது. வன்தட்டின் இணைப்பி, உலகில் வேறெந்த வன்தட்டுக்கும் பொருந்தாத 34 ஊசிகளைக் கொண்டது. சுற்றுகளை ஆளும் பெருஞ்சில்லுகள் அப்பிள் கொம்பனிக்கென்றே செய்யப்பட்டவை. அவற்றின் உட்கூற்றைக் கொம்பனி வெளியிட்டதில்லை. திரையும் அப்படியே. பெருஞ்சில்லோ திரையோ பழுதானால், கடைக்குப் போய்ப் பயனில்லை; வேறு கொம்பனிப் பொறியைக் கழற்றியும் பயனில்லை. போட்டபிளுக்கு மருந்து மற்றொரு போட்டபிள்தான்.

ஆகவே ஒரு கொடிய கணக்குப் பிறக்கிறது. இரண்டைக் கொன்று ஒன்றை வாழ்விக்கலாம். திரை நல்லதாயும் பலகை அரித்ததாயும் உள்ள ஒன்றும், பலகை நல்லதாயும் திரை உடைந்ததாயும் உள்ள மற்றொன்றும் கைக்கு வந்தால், இரண்டையும் கலந்து முழுப்பொறி ஒன்று செய்யலாம்; எஞ்சியது குப்பைக்குப் போகும் அல்லது வேறொருவனுக்கு உறுப்பாகும். எனவே உறுப்புக்கென விற்கப்படும் உடைந்த பொறிக்கும் இன்று நல்ல விலை உண்டு. இதில் இரண்டு கட்சியினர் இருக்கின்றனர். எந்தப் பொறியையும் சிதைக்கலாகாது, இன்று தீராத பழுது நாளை தீரலாம் என்பது ஒரு கட்சி. ஓடாத நான்கைவிட ஓடும் ஒன்று மேல் என்பது மறு கட்சி. முதற் கட்சியின் சொல்லிலும் உண்மை உண்டு. சில பழைய கணினிகளின் சுற்றுப்பலகையைப் படமெடுத்து, கோடு கோடாய் அளந்து வரைந்து, புதுப்பலகையாகவே அச்சிட்டுக்கொள்ளும் திறமை அண்மைக் காலத்தில் ஆர்வலர்க்குக் கைவந்திருக்கிறது. பத்தாண்டுக்கு முன் உறுப்பெடுக்கப்பட்டு வீசப்பட்ட வெற்றுக்கூடு இன்று அகப்பட்டால் அதற்கு உயிரூட்ட இயலும். ஆனால் புதுப்பலகைக்கும் அந்தப் பெருஞ்சில்லுகள் வேண்டுமே. அவை அரித்த பழைய பலகையிலிருந்துதான் கழற்றி எடுக்கப்படவேண்டும்.

இத்தனை உறுப்பும் மாறியபின் அது அதே பொறிதானா என்று கேட்பாரும் உளர். கோயில் தேருக்கு ஒரு தலைமுறையில் சில்லு மாறும், மற்றொரு தலைமுறையில் அச்சு மாறும், பின்னர் தட்டும் மாறும். ஊரார்க்கு அது அதே தேர். கணினியைத் திருத்துவோர் பெரும்பாலும் இக்கேள்வியில் நின்று மயங்குவதில்லை. அவர்களை வருத்தும் கேள்வி வேறு: வட்டுகளில் என்ன இருக்கிறது?

ஒஸ்போர்னின் நெகிழ்வட்டு ஒன்றில் ஏறக்குறைய 90 ஆயிரம் எழுத்துகள் அடங்கும். சிறு கொம்பனிகளின் கணக்குகள், பத்திரிகையாளர் குறிப்புகள், எழுதி முடியாத நூல்கள் எனப் பலவும் அவற்றில் எழுதப்பட்டன. ஒவ்வொரு கொம்பனியும் வட்டில் எழுதும் முறையை வெவ்வேறாக வைத்திருந்தமையால், ஒன்றன் வட்டை மற்றது படிக்காது. வட்டின் காந்தப் பூச்சும் ஆண்டுக்காண்டு உதிர்கிறது. ஆகையால் திருத்தப்பட்ட பழைய பொறி அலங்காரப் பொருளாக மட்டும் நிற்பதில்லை. அது ஒரு திறவுகோலாகிறது. நூலகத்துக்குக் கொடையாக வந்த எழுத்தாளர் ஒருவரின் வட்டைப் படிக்க, அவ்வினச் செலுத்தி ஒன்று எங்கோ ஓடிக்கொண்டிருத்தல் வேண்டும். மவுண்டன் வியூ நகரிலுள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்திலும், வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிலையத்திலும் ஒஸ்போர்ன் 1 காட்சிக்கூடப் பொருளாகப் பேணப்படுகிறது. அருங்காட்சியகம் பேணும், ஓட்டிப் பார்ப்பது அரிது. ஓடவைத்துப் பார்க்கும் வேலை இன்றும் பெரும்பாலும் தனிமனிதர் மேசையிலேயே நடக்கிறது.

அடம் ஒஸ்போர்ன் இவற்றையெல்லாம் காணும்வரை நலமாயிருக்கவில்லை. கணினிக் கொம்பனி முறிந்தபின் மலிவு விலை மென்பொருள் விற்கும் கொம்பனி ஒன்றைத் தொடங்கினார். வழக்கொன்றில் அதுவும் 1990 இல் தோற்றது. மூளையைப் பற்றிய நோயுடன் 1992 இல் தென்னிந்தியாவுக்குத் திரும்பிக் கொடைக்கானலில் தம் சகோதரியோடு வாழ்ந்து, 2003 மார்ச்சில் அங்கேயே காலமானார். லீ பெல்சென்ஸ்ரைன் ஹோம்புறூ காலத்துப் பழைய கருத்தைப் பேசுவதை நிறுத்தவேயில்லை.

எங்கும் கிடைப்பது என்ற அந்தப் பலமும் நிலையானதன்று. 1976 இல் சந்தைக்கு வந்த இசெட்80 சில்லு, ஒஸ்போர்ன் கொம்பனியைப் போல் எத்தனையோ கொம்பனிகள் தோன்றி மறைந்தும் தான் மறையாது, ஒரே அடிப்படை அமைப்பில் நாற்பத்தெட்டு ஆண்டுகள் செய்யப்பட்டு வந்தது. தனிச் சில்லாக அதனைச் செய்வதை நிறுத்துவதாகச் சைலொக் கொம்பனி 2024 ஏப்பிரலில் அறிவித்து, அவ்வாண்டு ஜூன் 14 ஆந் திகதியை இறுதிக் கட்டளைக்குரிய நாளாகக் குறித்தது. செய்தி கேட்டுத் திருத்துவோர் பலர் தமக்கு வேண்டியதை வாங்கி அடுக்கிக்கொண்டனர். அக்கையிருப்புத் தீர்ந்தபின் இசெட்80 வேண்டுவோர், போட்டபிளுக்குத் திரை தேடுவோரைப் போலவே, பழைய பலகைகளைத் தேடிப் போகவேண்டியிருக்கும்.